ஒரு காலில் பழசு, ஒரு காலில் புதுசு

மேடத்திடம் நான் முதலில் பார்த்தது கால்களைத்தான்.

மேஜைக்குக் கீழே விழுந்த ஒரு சாமானைத் தேடிக்கொண்டிருந்தேன். எறும்பு அளவுதான் இருக்கும். அப்போது இரண்டு கால்கள் வந்து நின்றன. ஒன்றில் கறுப்புச் செருப்பு, தேய்ந்துபோனது. இன்னொன்றில் பழுப்புச் செருப்பு, கடை வாசனை போகாதது. பாவம், அவசரத்தில் மாற்றிப் போட்டுக்கொண்டு வந்துவிட்டார் போல என்று நினைத்து, எழுந்து சொன்னேன்.

"செருப்பு மாறியிருக்கு."

"மாத்தித்தான் போட்டிருக்கேன்க்கா," என்றார். "புதுசு வாங்கினேன். நல்லா இருக்கான்னு பாக்கணும்."

"அதுக்கு ரெண்டு கால்லயும் போட வேண்டியதுதானே?"

"ரெண்டுலயும் புதுசு போட்டா, பழசு எப்படி இருந்துச்சுன்னு மறந்துடும்."

அந்த வாரம் முழுக்க அப்படியே வந்தார். பஸ்ஸில், கடைத்தெருவில், எல்லாம் அப்படித்தான். என் பக்கத்தில் வேலை செய்த கஸ்தூரிக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

"இன்னாக்கா இது, காலு ரெண்டும் சண்டை போட்டுகினு தனித்தனியா வந்தா மாரி கீது!"

மேடம் காதில் விழுந்தது. அவரும் சிரித்தார். சனிக்கிழமை கஸ்தூரியிடமே வந்து பழுப்புச் செருப்பை ஜோடியாகக் கொடுத்துவிட்டார். "உன் கால் அளவுதான். எனக்குப் பழசே போதும். இது குதிகாலைக் கடிக்குது. உனக்கும் கடிக்குதான்னு பாத்துச் சொல்லு."

கஸ்தூரிக்குக் கடிக்கவில்லை. அதையும் மேடம் ஒரு விஷயமாகக் கேட்டுக்கொண்டார்.

அது மேற்குத் தாம்பரத்தில், முடிச்சூர் ரோட்டில் இருந்து உள்ளே தள்ளி ஒரு ஷெட். மேலே ஆஸ்பெஸ்டாஸ். இப்போது அங்கே டைல்ஸ் கடை. அப்போது மோட்டார் போர்டு செய்தோம். மொட்டைமாடித் தொட்டி நிரம்பினால் மோட்டாரை அதுவே நிறுத்தும். கீழே சம்ப் தொட்டி காலியானாலும் நிறுத்தும். அந்தப் போர்டில் சாமானை வைத்து, ஈயத்தை உருக்கிச் சால்டர் பிடிப்பது எங்கள் வேலை. பெண்கள் நாலு பேர். நான் எட்டாவது வரை படித்தவள். படிப்பு வராவிட்டாலும் கை நடுங்காது என்று எடுத்துக்கொண்டார்கள்.

போர்டுக்கு நடுவில் கறுப்பாக ஒரு சிப் இருக்கும். தண்ணீர் ஏறிவிட்டதா, மோட்டாரை நிறுத்தவா என்று யோசிப்பது அதுதான். அது எப்படி யோசிக்க வேண்டும் என்று எழுதிக் கொடுப்பது மேடம். அதற்குப் பெயர் ப்ரோக்ராம். என்னைவிடப் பத்து வயதாவது சின்னவர். சேலையூரில் வீடு. அப்பா பள்ளிக்கூட வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர். மேடம் என்னை அக்கா என்பார். நான் மேடம் என்பேன். பெயர் தெரியும். சொல்லி அழைத்ததில்லை. இங்கேயும் சொல்லவில்லை.

ப்ரோக்ராம் எழுத ஒரு மொழி உண்டாம். மனுஷர் பேசுகிறது இல்லை. போனில் அப்டேட் வருகிற மாதிரி அந்த மொழிக்கும் புது வெர்ஷன் வந்துகொண்டே இருக்கும். வந்தால் எல்லோரும் ஏற்றிக்கொண்டு பழசை அழித்துவிடுவார்கள். மேடம் அழிக்க மாட்டார். எத்தனை பழைய வெர்ஷன் வைத்திருந்தாரோ தெரியாது. முதலாளிக்கு அது பிடிக்காது. அவரை நாங்கள் சார் என்போம்.

"எதுக்குங்க இந்தக் குப்பையெல்லாம்? கம்ப்யூட்டரே ஸ்லோ ஆகுது," என்பார் சார்.

"பழசு இருந்தாத்தான் சார், புதுசு எவ்வளவு புதுசுன்னு தெரியும்."

புது வெர்ஷன் வந்தால் மேடத்துக்கு அன்று சாப்பாடு இறங்காது. ஒரே ப்ரோக்ராமை எடுப்பார். ஒரு எழுத்துகூட மாற்றாமல் பழசிலும் புதுசிலும் தனித்தனியாகத் தயார் செய்வார். எது எவ்வளவு இடம் அடைக்கிறது என்று முதலில் பார்ப்பார். பிறகு போர்டில் ஏற்றி, எது எவ்வளவு சீக்கிரம் வேலையை முடிக்கிறது என்று பார்ப்பார். அந்த இரண்டும்தான் அவருக்குக் கணக்கு. அளவு, வேகம்.

ஒருநாள் கேட்டேன். "ஒரே ப்ரோக்ராம்தானே மேடம்? அளவு எப்படி மாறும்?"

"வீடு மாத்தியிருக்கீங்களாக்கா?"

"மாத்தியிருக்கேன்."

"அதே சாமானை நீங்க மூட்டை கட்டினா ஒரு அளவு வரும். நான் கட்டினா வேற அளவு வரும். ப்ரோக்ராம்தான் சாமான். மூட்டை கட்டுறது வெர்ஷன்."

"அப்ப சின்ன மூட்டைதானே நல்லது?"

"அப்படிச் சொல்ல முடியாது. அமுக்கிக் கட்டினா ஒரு கரண்டி எடுக்கணும்னாலும் முழுசாப் பிரிக்கணும். விரிச்சுக் கட்டினா இடம் அடைக்கும், ஆனா கையை விட்டா கிடைச்சுடும்."

பீர்க்கன்கரணையில் மழைக்கு ஏரித் தண்ணீர் தெருவுக்கு வந்தபோது நாங்கள் மூட்டை கட்டிக்கொண்டு ஓடியிருக்கிறோம். எந்த மூட்டையில் ரேஷன் கார்டு இருக்கிறது என்று தேடி அழுதிருக்கிறோம். புரிந்தது.

டெஸ்ட் பண்ண பின்பக்கம் ஒரு ஏற்பாடு இருந்தது. கீழே தொட்டி, மேலே நீல டிரம், நடுவில் சின்ன மோட்டார். டிரம்முக்குள் ஒரு கம்பி தொங்கும். தண்ணீர் கம்பியைத் தொட்டால் போர்டு 'டக்' என்று மோட்டாரை நிறுத்த வேண்டும். ஒவ்வொரு தடவையும் டிரம்மைக் காலி செய்து, கம்பியைத் துடைத்து, அதே உயரத்தில் வைக்க வேண்டும். அதற்கு என்னைத்தான் கூப்பிடுவார்.

"கஸ்தூரி சும்மாத்தான் இருக்கா. அவளைக் கூப்பிடுங்களேன்," என்றேன் ஒருமுறை. முதுகு வலி.

"காலையில பழசுக்கு நீங்க வச்சீங்க. இப்ப புதுசுக்கு அவ வச்சா, வெர்ஷனும் மாறுது, ஆளும் மாறுது. ஒரு நேரத்துல ஒண்ணைத்தான்க்கா மாத்தணும்."

அதனால் நான் மாறக்கூடாது. முதுகு வலியோடு நின்றேன். என் வாழ்க்கையில் நான் மாறாமல் இருப்பது ஒருவருக்குத் தேவைப்பட்டது அங்கேதான்.

வேலையில் மட்டும் என்றால் பரவாயில்லை. ஆள் முழுக்க அப்படி. வீட்டுக்குப் போக கேம்ப் ரோடு வழி நல்லதா, வேளச்சேரி ரோடு வழி நல்லதா என்று பார்த்துக்கொண்டே இருப்பார். இன்று திங்கள் இது என்றால் அடுத்த திங்கள் அது. மழை பெய்தால் அந்த நாள் கணக்கில் சேராது. கடைசிவரை முடிவுக்கு வந்ததாகத் தெரியவில்லை.

மேடம் வீட்டார் போகிற சர்ச்சில் ஞாயிற்றுக்கிழமை காலை தமிழில் ஒரு ஆராதனை, பிறகு இங்கிலீஷில் ஒன்று. போதகரை ஐயர் என்பார்கள். ஒரே ஐயர், ஒரே பிரசங்கம். மேடம் இரண்டுக்கும் உட்கார்ந்திருக்கிறார்.

"இவ்ளோ பக்தியா மேடம்?" என்றாள் கஸ்தூரி.

"பக்தி இல்ல. இங்கிலீஷ்ல சீக்கிரம் முடிச்சுடறார். சின்னதா இருக்கு. ஆனா மண்டையில ஏற நேரம் ஆகுது. தமிழ்ல நீளமாப் போகுது, கேக்கும்போதே உள்ள போயிடுது. ரெண்டுக்கும் மொத்த நேரம் கிட்டத்தட்ட ஒண்ணுதான்."

"ஐயரு கிட்ட சொன்னீங்களா?"

"சொன்னேன்."

"இன்னா சொன்னாரு?"

"ஏதாவது ஒண்ணுக்கு மட்டும் வாம்மான்னு சொன்னார்."

கஸ்தூரி சால்டர் கம்பியை ஸ்டாண்டில் வைத்துவிட்டுச் சிரித்தாள். சூடான கம்பியைக் கையில் வைத்துக்கொண்டு அந்தச் சிரிப்பு சிரிக்க முடியாது.

மேடத்துக்குக் கல்யாணம் ஆகவில்லை. அதைப் பற்றி நான் கேட்டதில்லை. கஸ்தூரி கேட்பாள். அவளுக்கு எதையும் கேட்காமல் இருக்கத் தெரியாது. குரோம்பேட்டையில் இருந்து ஒரு வரன் வந்திருக்கிறது என்று மேடமே சொன்ன நாள், என்ன முடிவு என்று விடாமல் பிடித்துக்கொண்டாள்.

"நல்ல மாதிரிதான் தெரியறார்," என்றார் மேடம். "ஆனா ஒருத்தரைத்தானே பாத்திருக்கேன். ஒண்ணை வச்சு எப்படிச் சொல்றது?"

"அதுக்கோசரம் ரெண்டு பேரைக் கட்டிகினு, ஒருத்தரை இந்த வாரம், ஒருத்தரை அடுத்த வாரம்னு பாப்பீங்களா மேடம்?"

நாங்கள் எல்லோரும் பயந்துவிட்டோம். மேடம் முகம் சிவந்து, பிறகு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். கண்ணில் தண்ணீர் வந்தது. அந்த வரன் நடக்கவில்லை.

சிரிக்கிற மாதிரியே எப்போதும் இருக்காது. அந்த அளவுகோல் நம் பக்கமும் திரும்பும். ஒரு பொங்கலுக்குக் கேசரி செய்துகொண்டு போனேன். போன தடவை செய்தது மாதிரியே இருக்கிறதா என்று சும்மா கேட்டேன். வாயில் வைத்துக்கொண்டு யோசித்தார். "போன தடவை நல்லா இருந்துச்சுக்கா," என்றார். இன்னொருவராக இருந்தால் நன்றாக இருக்கிறது என்று விழுங்கிவிட்டுப் போவார். அன்று முழுக்க நான் பேசவில்லை. நான் பேசாததை அவர் கவனிக்கவும் இல்லை. நான் எப்போதுமே பேசாதவள்.

பழசைப் பற்றி யாராவது ஏக்கமாகப் பேசினால் நம்ப மாட்டார். எங்கள் வீட்டுக்காரர் முன்னால் ஓட்டிய வண்டி நன்றாக ஓடும் என்று ஒருநாள் சொன்னேன்.

"அது இப்ப இருக்காக்கா?"

"வித்தாச்சு."

"அப்ப சொல்ல முடியாது. பழசு நல்லா இருந்துச்சுன்னு மனசு சொல்லும். மனசு அளக்காது."

இதை எழுதும்போதும் அந்தக் குரல் கேட்கிறது. அந்த ஷெட்டில் வெயில் காலத்தில் தலை கொதிக்கும். கழிவறைக் கதவு சாத்தாது. இப்போது மேடவாக்கத்தில் ஒரு அடுக்குமாடிக் குடியிருப்பில் சுத்தம் செய்யும் வேலையில் இருக்கிறேன். லிஃப்ட் இருக்கிறது, ஃபேன் இருக்கிறது. பக்கத்தில் வைத்துப் பார்த்தால் இதுதான் மேல். ஆனாலும் அந்த ஷெட்டைத்தான் நினைக்கிறேன்.

ஒருமுறை பெரும்பாக்கம் பக்கத்தில் இருந்து போர்டுகள் திரும்பி வந்தன. தொட்டி நிரம்பியும் மோட்டார் நிற்கவில்லை என்று புகார். சார் போர்டைத் திருப்பிப் பார்த்தார். எந்தப் போர்டு யார் கை என்று சாருக்குத் தெரியும். பெரும்பாலும் என் கை.

"கண்ணு தெரியலன்னா சொல்லிடுங்க. வயசாயிடுச்சுன்னா ஒத்துக்கணும்," என்றார். எல்லோர் முன்னாலும்.

எனக்குக் கண் தெரியத்தான் செய்தது. சொன்னால் நம்பவா போகிறார். அந்த மாதத்தோடு நிறுத்திவிடுவார் என்று வீட்டில்கூடச் சொல்லிவிட்டேன்.

மேடம், திரும்பி வந்த போர்டில் ஒன்றையும் நல்ல போர்டில் ஒன்றையும் எடுத்துக்கொண்டு பின்பக்கம் போனார். நல்ல போர்டில் இருந்து ஒவ்வொரு சாமானாகக் கெட்டதற்கு மாற்றினார். ஒன்றை மாற்றுவார், டிரம்மில் ஓட்டுவார், திரும்பவும் பழையதை வைப்பார், அடுத்ததை மாற்றுவார். அன்றைக்கும் டிரம்மைக் காலி செய்தது நான்தான். என் தலைக்குக் கத்தி, நானே பிடித்துக்கொண்டு நின்றேன்.

கடைசியில் கரண்ட் கொடுக்கிற அடாப்டரை மாற்றியதும் சரியானது. சார் விலை குறைவு என்று ரிச்சி தெரு எலக்ட்ரானிக்ஸ் கடைகளில் மொத்தமாக அள்ளி வந்த அடாப்டர்.

மேடம் நேராகப் போய்ச் சொன்னார். "அக்கா கை இல்ல சார். நீங்க வாங்கின அடாப்டர்."

சார் முகத்தைப் பார்க்க வேண்டுமே.

சாயங்காலம் பஸ் ஸ்டாப்பில் மேடத்திடம் சொன்னேன். "எனக்காகப் பேசினீங்களே."

"உங்களுக்காக இல்லக்கா. உங்க கைன்னு வந்திருந்தா அதையும் சொல்லியிருப்பேன்."

பஸ் வந்தது. ஏறிவிட்டேன். அந்தப் பதில் நெஞ்சில் ஒரு மூலையில் முள் மாதிரி கிடந்தது. ஆனால் மறுநாள் என் நாற்காலியில் நான் உட்கார்ந்திருந்தேன். அதுவும் உண்மை.

பிறகு இன்னொரு புது வெர்ஷன் வந்தது, கூடவே ஒரு ஆர்டரும்.

மேடவாக்கம் பக்கம் அடுக்குமாடிக்காரர்கள் லாரித் தண்ணீர் வாங்குகிறவர்கள். தொட்டி நிரம்பினால் போனுக்குச் செய்தி வர வேண்டும், ஒரு சொட்டு வழியக்கூடாது என்றார்கள். அந்த ஆர்டர் பெரிய ஆர்டர். சாருக்கு யாரோ ரெடிமேட் போர்டைக் காட்டியிருந்தார்கள். எல்லாம் ஒட்டியே வரும். பெரிய சிப், இடம் நிறைய. ப்ரோக்ராமை ஏற்றினால் போதும். சால்டர் வேண்டாம். சால்டர் வேண்டாம் என்றால் நாங்கள் வேண்டாம்.

சார் மேடத்தைக் கூப்பிட்டு எங்கள் முன்னாலேயே சொன்னார். "நம்ம போர்டு தாங்குமான்னு பாருங்க. தாங்கினா இதுலயே போவோம். தாங்கலன்னா ரெடிமேட்." டிரம்மில் ஒரு சிவப்புக் கோடு போட்டார். "தண்ணி இதைத் தாண்டக் கூடாது. அதுக்குள்ள நிக்கணும்."

கஸ்தூரி அன்று சாப்பிடவில்லை. அவள் முன்பு ஆற்றோரம் குடிசையில் இருந்தவள். அரசாங்கம் பெரும்பாக்கத்தில் வீடு கொடுத்துக் குடியேற்றியது. அங்கே வந்ததும் முன்பு செய்த வீட்டு வேலைகள் எல்லாம் போய்விட்டன. அலைந்து அலைந்து கிடைத்தது இந்த வேலை. புருஷனுக்குக் கால் சரியில்லை.

"மேடம்," என்றாள். "கொஞ்சம் நம்ம பக்கம் பாத்து அளங்க மேடம்."

மேடம் கஸ்தூரி தலையைத் தொடுவது போலக் கையைக் கொண்டுவந்து, தொடாமல் எடுத்துக்கொண்டார்.

போனுக்குச் செய்தி அனுப்புகிற ப்ரோக்ராமை இரண்டு வெர்ஷனிலும் தயார் செய்தார். புதுசில் தயார் செய்தது நல்ல வேகம் என்றார். ஆனால் பெரிய மூட்டை. எங்கள் சின்னச் சிப்பில் அடங்கவில்லை. பல நாள் உட்கார்ந்து செதுக்கினார். புதுசைச் செதுக்கினால் பழசையும் அதே மாதிரி செதுக்குவார். அதில்கூட ஓரவஞ்சனை கிடையாது. ஒரு சாயங்காலம் என்னிடம், "கொஞ்சூண்டுக்கா. கொஞ்சூண்டுதான் வெளிய நிக்குது," என்றார். அந்தக் கொஞ்சூண்டு கடைசிவரை உள்ளே போகவில்லை.

பழைய வெர்ஷனில் செய்தது அடங்கியது. ஆனால் தூங்கியது. போனுக்குச் செய்தி அனுப்பிக்கொண்டே தண்ணீரைப் பார்க்க அதனால் முடியவில்லை. கம்பியைத் தண்ணீர் தொட்டு, சிப் யோசித்து, 'டக்' என்பதற்குள் சிவப்புக் கோடு முங்கிவிடும்.

மறுநாள் காலை சார் வருவதற்கு முன்னால் மேடம் பழைய வெர்ஷனை இன்னொரு தடவை ஓட்டினார். நான் டிரம் பக்கத்தில் நின்றேன். தண்ணீர் ஏறியது. தொட்டது. 'டக்'. கோட்டுக்குக் கீழே நின்றுவிட்டது.

கஸ்தூரி கை தட்டினாள். மற்ற இரண்டு பேரும் ஓடி வந்தார்கள். எனக்கும் மூச்சு வந்தது.

மேடம் தண்ணீரைப் பார்க்கவில்லை. போர்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். போர்டில் ஒரு பச்சை விளக்கு உண்டு. சிப் உயிரோடு இருக்கிறது என்று காட்ட மினுக்கிக்கொண்டே இருக்கும்.

"இந்தப் பச்சை ஏன் இவ்வளவு அவசரப்படுது?" என்றார்.

போர்டைக் கழற்றித் திருப்பினார். சிப்புக்குப் பக்கத்தில் தகர டப்பி மாதிரி ஒரு சின்ன சாமான் இருக்கும். கிரிஸ்டல். அது தட்டுகிற தாளத்துக்குத்தான் சிப் வேலை செய்யும். வேறு ஒரு மாடலுக்கு வேகமான கிரிஸ்டல் எங்களிடம் டப்பாவில் இருந்தது. பழையதைப் பிடுங்கிவிட்டு அதை இதில் வைத்திருந்தார்கள். சால்டர் புதுசாக மின்னியது. கொஞ்சம் குண்டாக, ஒரு பக்கம் சாய்ந்து. அது யார் கை என்று எனக்குத் தெரியும். மேடத்துக்கும் தெரியும்.

யார் என்று அவர் கேட்கவில்லை. கஸ்தூரியே வெடித்தாள்.

"ஆமா, நான்தான் மாத்துனேன்! இன்னா இப்போ? தண்ணி நின்னுச்சா இல்லியா? இதையே போட்டு அனுப்புங்களேன் மேடம். வேலையும் ஆவுது, நாங்களும் இருப்போம். உங்களுக்கு இன்னா நஷ்டம்?"

"இந்தச் சிப்பு அந்த வேகத்துக்குச் செஞ்சதில்ல கஸ்தூரி. இங்க நிழல்ல ஓடிடும். மொட்டைமாடி வெயில்ல மண்டை குழம்பிடும்."

"உங்களுக்கு எப்படித் தெரியும்? பாத்தீங்களா?"

யாரும் அவரை அப்படிக் கேட்டதில்லை. மேடம் வெளியே வெயிலைப் பார்த்தார்.

"பாக்கல," என்றார். "சரி. அதையும் பாத்துடலாம்."

இரண்டு போர்டுகளை எடுத்தார். ஒன்றில் கஸ்தூரி வைத்த கிரிஸ்டல். ஒன்றில் பழையது. இரண்டிலும் அதே பழைய வெர்ஷன். ஏணி போட்டு ஆஸ்பெஸ்டாஸ் மேல் பக்கத்தில் பக்கத்தில் வைத்தோம். கீழே இருந்து வயர் இழுத்தோம். ஒரு பச்சை நிதானமாக மினுக்கியது. இன்னொன்று படபடத்தது.

கஸ்தூரி வேலைக்கு உட்காரவில்லை. வெளியே ஏணியின் நடுப்படியில் நின்று முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு பார்த்துக்கொண்டே இருந்தாள். மேடமும் வெயிலில் நின்றார். நான் தண்ணீர் கொண்டுபோய்க் கொடுத்தேன். "ஓடுதுக்கா," என்றாள் கஸ்தூரி. "இன்னும் ஓடுது பாரு." மேடத்தின் முகத்தை அப்போது பார்த்தேன். அது ஓட வேண்டும் என்று அவரும் நினைத்துக்கொண்டிருந்தார். சத்தியமாகச் சொல்கிறேன்.

மத்தியானத்துக்கு மேல் அவசரப் பச்சை ஒருதரம் தடுமாறியது. பிறகு மினுக்காமல் எரிந்தபடியே நின்றுவிட்டது. பக்கத்தில் இருந்தது பாட்டுக்கு மினுக்கிக்கொண்டிருந்தது.

கஸ்தூரி இறங்கி வந்தாள். குழாயடியில் முகம் கழுவினாள். ரொம்ப நேரம் கழுவினாள்.

மேடம் நின்றுபோன போர்டைக் கொண்டுவந்து என் மேஜையில் வைத்தார். இன்னும் சூடாக இருந்தது.

"பழைய கிரிஸ்டலையே வச்சுத் தர்றீங்களாக்கா? கடைசியா ஒருதரம் ஓட்டிட்டுச் சார்கிட்டச் சொல்லணும்."

வேறு யாரிடமாவது கொடுத்திருக்கலாம். கொடுக்கவில்லை. சால்டர் கம்பியைச் சூடு பண்ணினேன். கஸ்தூரி வைத்ததை எடுத்தேன். பழசை வைத்தேன். நேராக, சுத்தமாக வைத்தேன். கையை ஆட்டி ஒரு இடத்தில் விட்டிருந்தால் போர்டே ஓடியிருக்காது. இரண்டு நாள் தள்ளிப் போயிருக்கும். அடாப்டர் விஷயத்தில் என் கையைச் சுத்தம் என்று சொல்லிச் சோறு போட்ட அளவு அது. இப்போது வேறு மாதிரி சொல்லப் போகிறது என்பதற்காக நான் எப்படிக் கெடுப்பது.

பின்பக்கம் போனோம். டிரம்மைக் காலி செய்தேன். கம்பியைத் துடைத்து வைத்தேன். மோட்டார் ஓடியது. தண்ணீர் கம்பியைத் தொட்டது, ஏறியது, கோட்டைத் தாண்டியது, 'டக்'.

மேடம் கோட்டையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"இன்னொரு தடவை பாக்கலாமாக்கா?"

பார்த்தோம். தாண்டியது.

"இன்னும் ஒரே தடவை."

கம்பியைத் துடைத்த துணியைப் பிழிந்து கொடியில் போட்டேன்.

"போதும் மேடம். போய்ச் சொல்லுங்க."

"நாலு பேர்க்கா."

"தெரியும். போங்க. சார் கிளம்பிடுவாரு."

சார் அறை பத்தடி தூரம் இருக்காது. யாரைப் பற்றி என்றாலும், ஐயராக இருந்தாலும் முதலாளியாக இருந்தாலும், அளந்ததும் நேராகப் போய்ச் சொல்கிறவர். அன்று சார் அறைக் கதவுக்கு முன்னால் போய் நின்றவர், கையை உயர்த்தித் தட்டாமல் அப்படியே நின்றார். உள்ளே சார் யாருடனோ போனில் சிரித்துப் பேசுவது கேட்டது. எங்கள் மேஜையில் இருந்து மூன்று பேரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கஸ்தூரியும்தான்.

நான் ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு போய், அவருக்காகக் கதவைத் திறந்துவிட்டேன்.